வளைவுக்கு எதிரே இருந்த கழிப்பறை

சந்தைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கல் வளைவு இருக்கிறது. யார் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு ராஜாவைச் சொல்வார்கள். வளைவுக்கு நேர் எதிரே, சாலையைத் தாண்டினால், ஒரு பொதுக் கழிப்பறை இருந்தது. அதை யார் கட்டியது என்று ஒருவரும் கேட்டதில்லை. வளைவு இல்லாவிட்டாலும் சந்தை நடக்கும். கழிப்பறை இல்லாமல் அரைநாள்கூட நடக்காது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் நடந்தது.

அந்தக் கழிப்பறையைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் சாவிக்காரம்மா என்று கூப்பிட்டார்கள். ஆண்கள் பக்கம் திறந்தே கிடக்கும். பெண்கள் பக்கத்துக்கு மட்டும் ஒரு கம்பிக் கதவு, அதில் ஒரு பூட்டு. குடித்துவிட்டு வருகிறவர்கள் உள்ளே போய்ப் படுத்துவிடுகிறார்கள் என்று போட்டது. சாவி அவள் இடுப்பில் இருக்கும். வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். கால்மாட்டில் ஒரு பினாயில் கேன், பக்கத்தில் மூடிபோட்ட ஒரு நீல டிரம். குழாயில் தண்ணீர் நின்றாலும் டிரம்மில் நிற்காது. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

சந்தையில் கடை போட்டிருந்த பெண்கள் அவளிடம் என்ன வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, "எதிர்த்தாப்புல போயிட்டு வந்துடறேன்" என்பார்கள். சாலையைத் தாண்டி வந்து, "என்னக்கா, தண்ணி வருதா?" என்று கேட்பார்கள். "வருது வருது" என்று இவள் பூட்டைத் திறப்பாள். அவ்வளவுதான் பேச்சு. கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு வரிசை கிடையாது. திடீரென்று துணி தேவைப்பட்டு முழிக்கிறவர்களுக்குச் சுருட்டிய காகிதப் பொட்டலம் ஒன்று முக்காலிக்கு அடியிலிருந்து வரும். கொடுத்தவளும் வாங்கினவளும் வேறு எங்கோ பார்த்துக்கொள்வார்கள்.

சாவிக்காரம்மாவுக்கும் கூச்சம் உண்டு. அவள் கூச்சம் வீட்டில் இருந்தது. மகனுக்குக் கல்யாணம் பேசும்போது, "அம்மா நகராட்சியில இருக்காங்க" என்று சொல்லியிருந்தார்கள். பொய் இல்லை. சம்பளம் நகராட்சிக் காண்டிராக்டர் கையிலிருந்துதான் வந்தது. நகராட்சியில் எங்கே என்று பெண் வீட்டார் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று இவர்களும் சொல்லவில்லை. கல்யாணமாகி மருமகள் வந்த பிறகு தெரிந்துபோயிற்று. மருமகள் சண்டை போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மாமியாரின் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒரு ஓரத்தில் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றரை அறை வீட்டில் எதைக் கேட்டாலும் அடுத்தவர் காதில்தான் விழும். சாவிக்காரம்மா வேலை முடிந்ததும் பின்பக்கக் குழாயில் குளித்து, வேறு சேலை மாற்றிக்கொண்டு, வாசனை சோப்பு மணக்க வீட்டுக்குப் போவாள். அப்படியும் அந்தத் தட்டு ஓரத்திலேயே இருந்தது.

இந்த நிலைமையில்தான் ஊருக்குப் புதுப் பெயர் வைத்தார்கள்.

பழைய பெயர் அப்படியேதான் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பட்டம். 'கல் பேசும் நகரம்.' பஸ் முதுகில், குப்பைத்தொட்டி வயிற்றில், ஆஸ்பத்திரிச் சுவரில் எல்லாம் அதுதான். பாரம்பரியச் சுற்றுலா நகரமாக ஆக்கப் போகிறார்களாம். வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்களாம். வளைவைச் சுற்றி விளக்குக் கம்பம் நட்டார்கள். கல்லுக்கு அடியில் முளைத்த செடியைப் பிடுங்கினார்கள். வளைவின் நிழலில் காலங்காலமாகப் பழம் விற்றவளைப் பத்தடி தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

பழக்காரிக்கு வாய் கொஞ்சம் நீளம். சந்தையில் அவளோடு விலை பேசிவிட்டு மானத்தோடு திரும்பியவர்கள் குறைவு. அவளும் சாவிக்காரம்மாவும் ஒரே வயது. ஒருத்தி வீட்டு விஷயம் இன்னொருத்திக்கு அத்துப்படி. சாயங்காலம் வியாபாரம் மந்தமானால் பழக்காரி வந்து கழிப்பறைப் படியில் உட்கார்ந்துகொள்வாள்.

"கல்லு பேசுதாமேடி" என்றாள் ஒருநாள். "நானும் இத்தன வருஷமா அது காலடியிலதான் கெடக்குறேன். ஒரு வார்த்த பேசலையே."

"உன்னோட பேச அதுக்குப் பயமா இருக்கும்" என்றாள் சாவிக்காரம்மா.

சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வர ஆரம்பித்தான். பையன் என்றால் படித்து முடித்து வேலைக்கு வந்தவன்தான். கழுத்தில் கேமரா தொங்கும். அதனால் கேமரா தம்பி. நல்லவன். எல்லோரையும் 'வாங்க போங்க' என்றுதான் பேசுவான். வளைவு முழுதாகப் படத்தில் விழ வேண்டும் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து சாலையைத் தாண்டி, முதுகு கழிப்பறைச் சுவரில் இடித்த பிறகுதான் நிற்பான். அங்கிருந்து பார்த்தால்தான் வளைவு அழகு. சாவிக்காரம்மா தன் முக்காலியை அவனுக்குக் கொடுப்பாள். அவன் அதன்மேல் ஏறி நின்று படம் எடுப்பான். இறங்கியதும் முக்காலியைத் துடைத்துக் கொடுப்பான். அந்த முக்காலியைத் துடைத்துக் கொடுத்தவர் அதுவரை யாருமில்லை.

சிக்கல் என்னவென்றால், வளைவுக்குள் நின்று வெளியே பார்த்தால் படத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி நட்டநடுவில் கழிப்பறை தெரியும். வருகிற வெளியூர்க்காரன் முதலில் அங்கேதான் நிற்பான். தம்பி அங்கே நின்று ஒரு படம் எடுத்தான். அதைச் சின்னத் திரையில் பார்த்தான். சாவிக்காரம்மாவைப் பார்த்தான். கேமராவை மூடிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த முறை வந்தபோது சொன்னான். "அம்மா, வர்ற வாரம் எங்க ஆபீஸ் மேடம் வர்றாங்க. சந்தையில எல்லார்கிட்டயும் கருத்துக் கேக்கப் போறோம். வீடியோவும் எடுப்போம். நீங்கதான் எல்லாரையும் கூப்பிட்டு வைக்கணும். உங்க பேச்சைத்தான் கேக்குறாங்க."

சாவிக்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன்னிடம் பொறுப்பு ஒப்படைக்கிறார்கள். அதுவும் மேடம் வருகிற நாளில். அன்றைக்கே சாலையைத் தாண்டிப் போய் ஒவ்வொரு கடையாகச் சொன்னாள். சுத்தமாகத் துணி உடுத்தி வரணும். வெற்றிலை போட்டுத் துப்பக் கூடாது. எதைக் கேட்டாலும் மரியாதையாகப் பதில் சொல்லணும்.

"முக்கியமா நீ" என்று பழக்காரியிடம் விரலை நீட்டினாள். "பெரிய மனுஷங்க வர்றாங்க. வாய்க்கு வந்தபடி அசிங்கமா எதையும் பேசித் தொலைக்காத. என் மானத்தக் காப்பாத்து."

"சரிடி நாட்டாம" என்றாள் பழக்காரி.

அந்த நாள் வந்தது. மேடம் வரவில்லை. வேறு எங்கோ கூட்டமாம். கேமரா தம்பியும், மைக் பிடிக்க ஒருவனும், செல்போனில் பதில்களைத் தட்டிக்கொண்டே வர ஒருவனும் வந்தார்கள். மூன்று பேரும் ஆண்கள். மைக்கைப் பார்த்ததும் மூட்டை தூக்குகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், சும்மா போனவர்கள் எல்லாம் சுற்றி நின்றுகொண்டார்கள்.

முதலில் பழக்காரி. எத்தனை வருஷமாகக் கடை, வளைவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டார்கள். வளைவு தன் தாய் வீடு மாதிரி என்று அவள் ஒரு போடு போட்டாள். கூட்டம் கை தட்டியது. அடுத்து தம்பி கேட்டான்.

"எதிர்ல இருக்கிற பொதுக் கழிப்பறையை நீங்க உபயோகிக்கிறீங்களா?"

பழக்காரி சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். சுற்றி நின்ற ஆண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். தினமும் அவளோடு பேரம் பேசுகிற முகங்கள்தான்.

"சீச்சீ" என்றாள். "அங்கெல்லாம் யாருங்க போவா? எனக்கு வீடு பக்கத்துலதான்."

அவள் வீட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

அவ்வளவு வாய்க்காரியே அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்கள் வேறென்ன சொல்வார்கள்? கீரைக்காரி தலையைக் குனிந்துகொண்டு, "நான் காலையிலயே வீட்டுல எல்லாம் பாத்துட்டு வந்துடுவேங்க" என்றாள். பிளாஸ்டிக் சாமான் விற்கிற பெண் சிரித்துக்கொண்டே முகத்தை மூடிக்கொண்டாள். செல்போன்காரன் அதையும் 'இல்லை' என்றே தட்டினான். வரிசையாக எல்லோரும் இல்லை, இல்லை, இல்லை.

சாவிக்காரம்மா கொஞ்சம் தள்ளி நின்றாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. இப்போது யோசித்தால் நம்பக்கூட முடியாது, அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு அடக்கமாகப் பேசுகிறார்கள் என்று நினைத்தாள். சொன்னதைக் காப்பாற்றிவிட்டார்களே என்று நெஞ்சு குளிர்ந்தது.

கடைசியாகத் தம்பி அவளிடமும் வந்தான். "இங்க கூட்டம் எப்படிம்மா இருக்கும்?"

கூட்டம் என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் புகார். காண்டிராக்டர் கேட்கும்போதெல்லாம் அவள் சொல்லும் பதில் தயாராக இருந்தது.

"கூட்டமே இருக்காது தம்பி. எப்ப வேணா உள்ள போய்ப் பாருங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். உண்மையிலேயே கண்ணாடி மாதிரிதான் இருந்தது. மைக்கைப் பார்த்துப் பயந்து அன்றைக்கு ஒருத்தியும் அந்தப் பக்கம் வரவில்லை.

சில வாரம் கழித்து அவனே வந்து சொன்னான். முக்காலியில் உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று நின்றான். கழிப்பறையை மூடப் போகிறார்கள். கட்டடத்தைச் சுற்றுலாத் தகவல் மையமாக மாற்றப் போகிறார்கள். வளைவுக்கு நேர் எதிரே இருப்பதால் அதைவிட நல்ல இடம் கிடையாதாம்.

சாவிக்காரம்மா முதலில் சிரித்தாள். "என்ன தம்பி சொல்றீங்க? இவ்வளவு பொம்பளைங்க எங்க போவாங்க?"

"யாரும் போறதில்லைன்னுதானேம்மா சொன்னாங்க" என்றான். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினான். "ஒருத்தர் விடாம கேட்டோம். நீங்களும் கூட்டம் இருக்காதுன்னீங்க."

அவள் சாலையைத் தாண்டியது அவளுக்கே நினைவில்லை. பழக்காரி முன்னால் போய் நின்றாள்.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? போறேன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

விஷயம் தெரிந்ததும் பழக்காரிக்கு முகம் செத்துப்போனது. ஆனால் அவள் தோற்றுப் பழக்கமில்லாதவள்.

"அத்தன ஆம்பளைங்க நடுவுல நின்னுக்கிட்டு, ஆமா சாமி, நான் போறேன், ஒரு நாளைக்கு இத்தன தடவ போறேன்னு சொல்லச் சொல்றியா? நீதானேடி அசிங்கமா பேசாதேன்ன?"

"அது அசிங்கமா?"

"பின்ன? நீ உன் வேலைய உன் மருமக வீட்டுல வாய் தொறந்து சொன்னியா?"

சாவிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. திரும்பி வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் பழக்காரி படிக்கு வரவில்லை.

ஆனாலும் இருவரும் சேர்ந்துதான் மேடத்தைப் பார்க்கப் போனார்கள். கூட கீரைக்காரியும் பிளாஸ்டிக் சாமான்காரியும். மேடம் பெண்தானே, பெண்ணிடம் பெண் சொல்வதற்கு என்ன என்று சாவிக்காரம்மா எல்லோருக்கும் தைரியம் சொல்லிக் கூட்டிப் போனாள். வழி முழுக்கப் பழக்காரி ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். "மேடம், நாங்களும் மனுஷிங்கதான். இப்படி ஆரம்பிக்கிறேன். சரியா இருக்குமில்ல?"

அறைக்குள் மேடம் மட்டும் இல்லை. நீள மேசையைச் சுற்றி இன்ஜினீயர், வியாபாரிகள் சங்கத் தலைவர், இரண்டு மூன்று அதிகாரிகள், ஓரத்தில் கேமரா தம்பி. சுவரில் பெரிய திரை. ஏ.சி. குளிரில் கீரைக்காரி நடுங்கினாள். மேடம் இவர்களை உட்காரச் சொன்னார். தண்ணீர் பாட்டில் கொடுக்கச் சொன்னார். யாரும் குடிக்கவில்லை.

"சொல்லுங்கம்மா. என்ன பிரச்சினை?"

பழக்காரி எழுந்தாள். "மேடம், நாங்களும் மனுஷிங்கதான்" என்றாள். பிறகு சங்கத் தலைவரைப் பார்த்தாள். அவருக்குத்தான் கடை வாடகை கட்டுகிறாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"அந்தக் கழிப்பறையை மூடக் கூடாதுன்னு சொல்றீங்க, அப்படித்தானே?" என்று மேடம் எடுத்துக் கொடுத்தார். "ஆனா நீங்க யாரும் அதை உபயோகிக்கிறதில்லைன்னு நம்ம டீம் சொன்னாங்களே?"

இன்ஜினீயர் ஜாடை காட்ட, தம்பி தயங்கித் தயங்கி ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் பழக்காரியின் முகம் சுவரளவு பெரிதாக வந்தது. சேலைத் தலைப்பை இழுத்து விட்டது. "சீச்சீ. அங்கெல்லாம் யாருங்க போவா?" என்றது.

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு வேடிக்கையைப் பார்த்தால் வருகிற சிரிப்பு. ஆனால் அது போதுமானதாக இருந்தது. பழக்காரி உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப சொல்லுங்க" என்றார் மேடம். "போறீங்களா, இல்லையா?"

கீரைக்காரி மேசையின் மரத்தைப் பார்த்தாள். பிளாஸ்டிக் சாமான்காரி தன் கைவிரல் நகத்தைப் பார்த்தாள். வாங்கும் பழத்தில் ஒன்றைக் கூடுதலாக எடுத்துவிட்டான் என்று ஒரு போலீஸ்காரனையே சட்டையைப் பிடித்து உலுக்கியவள் பழக்காரி. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

சாவிக்காரம்மா எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"போவாங்க மேடம். எல்லாரும் போவாங்க. விடியறதுக்கு முன்னாடி வந்து இருட்டுற வரைக்கும் உக்காந்திருக்கிற பொம்பளைங்க. மூத்திரம் வராத பொம்பளை யாராச்சும் இருக்காங்களா? மாசத்துல மூணு நாளு வேற இருக்கு. நான்தான் பூட்டைத் தொறந்து விடறேன், எனக்குத் தெரியாதா? இவங்க வெக்கப்பட்டுக்கிட்டு இல்லைன்னுட்டாங்க. வெக்கப்படச் சொன்னதே நான்தான்."

சங்கத் தலைவர் ஜன்னலைப் பார்த்தார். இன்ஜினீயர் செருமினார். பழக்காரி சேலையால் முகத்தை முழுசாக மூடிக்கொண்டாள். தனக்காக ஒருத்தி பேசுகிறாள் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. நாலு பேர் நடுவில் தன் சேலையை யாரோ உருவிய மாதிரிதான் இருந்தது.

மேடம் பேனாவை மூடி வைத்தார். உண்மையிலேயே அவருக்கு மனசு கஷ்டமாக இருந்தது போலத்தான் இருந்தது.

"எனக்குப் புரியுதும்மா. புதுசா, நவீனமா ஒண்ணு கட்டித் தருவோம். அது ரெண்டாம் கட்டத்துல இருக்கு. இந்த இடத்துக்கான வேலை முதல் கட்டம். அதுக்கு ஒப்புதல் வந்தாச்சு. இனி மாத்த முடியாது."

"ரெண்டாம் கட்டம் எப்பங்க?"

"முதல் கட்டம் முடிஞ்சதும்."

வெளியே வரும்போது மேடம் சாவிக்காரம்மாவை மட்டும் நிற்கச் சொன்னார். தகவல் மையத்துக்கு உள்ளூர்ப் பெண் ஒருவர் வேண்டும். வருகிறவர்களை வணக்கம் சொல்லி வரவேற்க. தைரியமாகப் பேசத் தெரிந்தவர்களாகத் தேடிக்கொண்டிருந்தார்களாம். சீருடை தருவார்கள். நேரடியாக அலுவலகச் சம்பளம், காண்டிராக்டர் கிடையாது. இல்லாவிட்டால் கழிப்பறையோடு அவள் வேலையும் போய்விடும். அதை மேடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

"யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

அவள் வீட்டில் போய்ச் சொன்னாள். மகன் சரி என்றான். மருமகள் சாப்பாடு போடும்போது மாமியாரின் தட்டு மற்றத் தட்டுகளுக்கு நடுவில் இருந்தது. சாவிக்காரம்மா அதைப் பார்த்தாள். அதில்தான் சாப்பிட்டாள். மறுநாள் காலை போய்ச் சம்மதம் சொல்லிவிட்டாள்.

அவளைக் குறை சொல்வது சுலபம். சந்தையில் சொன்னார்கள். "நம்ம மானத்த வித்து வேல வாங்கிட்டா" என்று சொன்னது பழக்காரியா வேறு யாராவதா என்று தெரியாது. ஆனால் சொன்னபோது பழக்காரி பக்கத்தில் இருந்தாள், மறுக்கவில்லை.

கட்டடம் அடையாளம் தெரியாமல் மாறியது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் இரண்டின் சுவர்களையும் இடித்து ஒரே கூடமாக்கினார்கள். வெளிச்சுவருக்குக் கல்லைப் போலவே இருக்கிற டைல்ஸை ஒட்டினார்கள். வளைவும் அதுவும் ஒரே காலத்தில் கட்டியவை என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டுமாம். நினைக்கவும் செய்தார்கள். சாவிக்காரம்மா சாம்பல் நிறச் சேலை கட்டி, மார்பில் அட்டை குத்திக்கொண்டு, குளிர்ந்த கூடத்தில் நின்றாள். வருகிறவர்கள் அவளைப் படம் எடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் அவளிடம் வளைவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பில் அவர்கள் கேட்டது கழிப்பறை எங்கே என்றுதான். அவர்களுக்குக் கேட்க வெட்கமில்லை. மூலையில் திறந்திருந்த புதுக் காபிக் கடையைக் காட்டச் சொல்லி அவளுக்கு உத்தரவு. அங்கே காபி வாங்குகிறவர்கள் போகலாம். அந்த விலைக்குச் சந்தைப் பெண்கள் யாரும் காபி வாங்க மாட்டார்கள். வாங்கினாலும் உள்ளே விட மாட்டார்கள்.

ஊழியர்களுக்கென்று பின்னால் ஒரே ஒரு கழிப்பறையை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். தம்பிக்கு, இன்னொரு பெண்ணுக்கு, அவளுக்கு.

சந்தைப் பெண்கள் ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் சாமான்காரி லாரி நிறுத்துகிற மைதானத்துக்கு இன்னொருத்தியைக் காவலுக்குக் கூட்டிப் போனாள். கீரைக்காரி மத்தியானத்தோடு கடையைக் கட்டினாள். பிறகு சந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பழக்காரி எதுவும் செய்யவில்லை. தண்ணீர் குடிப்பதை மட்டும் விட்டாள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வெயிலில் உட்கார்ந்து பழத்தின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பாள். ஒரு வாய் குடிக்க மாட்டாள். உதடு வெடித்தது. பிறகு காய்ச்சல், அடிவயிற்றில் வலி. ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். சிறுநீரில் கிருமி, முற்றவிட்டு வந்திருக்கிறாள் என்றார்களாம். சாவிக்காரம்மா பார்க்கப் போனாள். பழக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து கடை போட்டபோது பாதி ஆளாக இருந்தாள். குரல் மட்டும் அப்படியே. ஒரு மத்தியானம் வெளியூர்க் கூட்டம் கிளம்பிப் போன நேரத்தில், தகவல் மையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"டாக்டரு அடக்கி வைக்கக் கூடாதுன்னாரு" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

சாவிக்காரம்மா அவள் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப் போனாள். வாசலில் நின்று காவல் காத்தாள். மறுநாளும். அதற்கடுத்த நாளும். விஷயம் பரவாமல் இருக்குமா? பிளாஸ்டிக் சாமான்காரி வந்தாள். பிறகு தயங்கித் தயங்கி மற்றவர்கள். பளபளப்பான கூடத்தில் பழக்கூடை வாடையோடும் ஈரச் சேலையோடும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சுவரில் வளைவின் பெரிய படம். அதன்மேல் சாய்ந்து ஒருத்தி காலை மாற்றி மாற்றி நின்றாள். வெளியூர்க்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்து ஏதோ எழுதி உலகத்துக்கே அனுப்பிவிட்டார்.

கேமரா தம்பிதான் வந்து பேசினான். கூரையில் இருந்த சின்னக் கேமராவைக் காட்டினான்.

"மேடம் பாத்துட்டாங்கம்மா. உங்களை வேலையிலேர்ந்து எடுத்துடச் சொன்னாங்க. நான்தான் பேசி நிறுத்தி வச்சிருக்கேன். இனி ஒருத்தர்கூட வரக் கூடாது. தயவுசெஞ்சு."

"அவளுக்கு மட்டும், தம்பி. ஒடம்பு சரியில்லாதவ."

"ஒருத்தரை விட்டா எல்லாரும் வருவாங்க. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதைவிட வேறு சிலதும் அவளுக்குத் தெரியும். வீட்டில் மருமகளின் அம்மா அப்பா வந்து தங்கிவிட்டுப் போயிருந்தார்கள். சம்பந்தி வேலை பார்க்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, சீருடையில் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படம் இப்போது வீட்டில் மாட்டியிருக்கிறது.

மறுநாள் பழக்காரி கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். சாவிக்காரம்மா உள்ளிருந்து அதைப் பிடித்துக்கொண்டாள். திறந்தது ஒரு சாண்தான்.

"வேணாண்டி" என்றாள். "வேலைய விட்டு எடுத்துடுவாங்க."

பழக்காரி கத்துவாள் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி நாலு கேட்டிருந்தால், அன்றைக்குக் கேமரா முன்னால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே சொல்லியிருந்தால், ஒருவேளை கதவு திறந்திருக்கும். ஆனால் அவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். இரண்டு பேர் வளைவுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணும் அதுக்கு வரல" என்றாள் சத்தமாக. "சும்மா உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டுச் சாலையைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். சில நாள் கழித்து வளைவிலிருந்து இன்னும் தள்ளி உட்காரச் சொன்னார்கள். தகவல் மையத்தின் பின்சுவர் ஓரம்தான் காலியாக இருந்தது. நிழல் வேறு இருந்தது. அவளும் மற்றவர்களும் கூடைகளை நகர்த்திக்கொண்டு அங்கே வந்தார்கள்.

அந்த வருஷம் ஊருக்கு ஏதோ விருது கிடைத்தது. தகவல் மையத்தில் கேக் வெட்டினார்கள். முதல் கட்டம் வெற்றி என்றார் மேடம். இரண்டாம் கட்டத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சாவிக்காரம்மா மத்தியானத்தில் ஒரு தடவை பின்னால் போய் வருவாள். உள்ளே உட்கார்ந்தால், அரைச் செங்கல் கனம்கூட இல்லாத சுவருக்கு அந்தப் பக்கம் பழக்காரி விலை கூவுவது தெளிவாகக் கேட்கும். அந்தப் பக்கம் கேட்பது இந்தப் பக்கம் கேட்டால், இந்தப் பக்கம் கேட்பது அந்தப் பக்கமும் கேட்கும்தானே. அதனால் அவள் ஃப்ளஷ் விசையை அழுத்துவதில்லை. குவளையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்து, ஓரமாகச் சாய்த்து, சத்தம் வராமல் ஊற்றிவிட்டு வருகிறாள்.